உள்ளத்தில் கேட்டு ஏட்டில் எழுதுவோம்

(நம் பங்கின் நூற்றாண்டு யூபிலி விழாவையொட்டி, பங்கு மண்டபத்தில் நடைபெற்ற இசை மாலையில் பாடற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பாடற்குழுவினராகிய நாங்கள் மேடையேறினால் பாடுவதே வழக்கம், பேசுவது வழக்கமில்லை. ஆயினும் நூற்றாண்டு விழாக் காணும் இந்நாளில், எங்கள் உள்ளத்தில் கிடக்கும் ஒரு கடனை உங்கள் முன் சொல்லாமல் பாட்டைத் தொடங்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே பாட்டுக்கு முன் சற்று நேரம் பேச அனுமதி கேட்கிறோம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் கதை

நம் கோயிலில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த அண்ணாவியாரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொடியேற்றத்துக்கு ஒரு பாட்டு, தேர்ப் பவனிக்கு ஒரு பாட்டு, பெரிய வியாழன் இரவு ஆராதனைக்கு ஒரு பாட்டு, பெரிய வெள்ளியன்று மாதாவின் வியாகுலத்துக்கு ஒரு பாட்டு என்று நாளுக்கும் பொழுதுக்கும் அவரிடம் பாட்டு இருந்தது. சிறு வயதில் தம் தகப்பனாரிடம் இலத்தீன் பாடல்களைச் செவிவழியாகக் கற்றவர் அவர். இலத்தீன் மொழியின் பொருள் அறியார். ஆனால் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்த அந்தச் சொற்களை ஒரு சுரமும் பிசகாமல் பாடுவார். 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்த பின், தமிழ்ப் பாடல்களுக்கு மெட்டமைத்துக் கொடுத்தவரும் அவரே.

2018ஆம் ஆண்டு தவக்காலத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்த எட்டாம் நாள், அவருடைய மகன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொணர்ந்து எங்கள் கையில் கொடுத்து, “அப்பாவுடைய சொத்து இதுதான். கோயிலுக்கே இருக்கட்டும்” என்றார்.

அன்று இரவே திறந்து பார்த்தோம். அறுபத்திரண்டு பாடல்கள். அழகான கையெழுத்து. ஆனால் ஒரு பாட்டுக்கேனும் சுரம் எழுதப்படவில்லை. பாட்டின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தப் பாட்டைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினால், அங்கே ‘முன் சொன்ன மெட்டு’ என்றிருக்கும். இப்படி ஒரு பூட்டின் சாவியை மற்றொரு பூட்டுக்குள் வைத்துப் பூட்டியதுபோல் இருந்தது அந்தப் புத்தகம். அறுபத்திரண்டில் எங்களுக்குத் தெரிந்தவை இருபத்தொன்று. மீதி நாற்பத்தொரு பாட்டுக்கும் சொல் இருந்தது, இசை இல்லை. அது எங்கே இருந்தது? அண்ணாவியாரின் உள்ளத்தில் இருந்தது. அதை நாம்தான் மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம்.

அவர் மேல் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. இறப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை அவரே எங்களிடம் கேட்டார்: “பிள்ளைகளைச் சனிக்கிழமை தோறும் அனுப்புங்கள். பழைய பாட்டுக்களைச் சொல்லிக்கொடுக்கிறேன்.” நாங்கள் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? “பரீட்சை முடியட்டும் அண்ணாவியாரே”, “திருவிழா கழியட்டும் அண்ணாவியாரே”, “அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணாவியாரே.” அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. நாங்கள் சொன்ன கடன் இதுதான்.

நினைவே ஏடாக இருந்த காலம்

இது நம் பங்குக்கு மட்டும் நேர்ந்ததன்று. திருச்சபை முழுவதுமே ஒரு காலத்தில் இந்த நிலையில்தான் இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டில் செவில் நகர ஆயராக இருந்த புனித இசிதோர் பெரிய கல்விமான். இசையைக் குறித்து எழுதும்போது, ஒலியை எழுதி வைக்க வழியில்லாததால் மனிதர் நினைவில் கொள்ளாவிட்டால் அது அழிந்துபோகும் என்ற கருத்தைச் சொன்னார். அறிவிற் சிறந்த ஆயரே அப்படிச் சொல்லும் நிலை அன்று இருந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டளவில் மடங்களில் இருந்த துறவிகள், சொற்களின் மேல் சிறு சிறு கீற்றுக்களை இடத் தொடங்கினார்கள். குரல் ஏறும் இடத்தில் ஏறும் கீற்று. இறங்கும் இடத்தில் இறங்கும் கீற்று. ஆனால் எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்பது அதில் தெரியாது. பாட்டை முன்பே அறிந்தவனுக்கு அது நினைவூட்டும். அறியாதவனுக்கு அது ஊமை. நம் அண்ணாவியாரின் ‘இன்ன மெட்டு’ என்ற குறிப்புப் போலத்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கப் பாடுபட்டவர் குய்தோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. ஏறக்குறைய 991ஆம் ஆண்டில் பிறந்தவர். இத்தாலி நாட்டில் பொம்போசா என்ற மடத்தில் இருந்தவர். பிள்ளைகள் ஒரு பாட்டைக் கற்க ஆசானின் வாயையே பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழல்வதைக் கண்டு வருந்தி, அவர் ஒரு புது முறை கண்டார். நல்லது செய்தவருக்கு என்ன கிடைத்தது? உடனிருந்த துறவிகளின் பொறாமை. மடத்தை விட்டே போக நேர்ந்தது. பாடற்குழுவுக்குள் மனத்தாங்கல் வருவது இன்று நேற்று ஏற்பட்டதல்ல என்று இதிலிருந்து அறிகிறோம்! அரேசோ நகரின் ஆயர் அவருக்கு ஆதரவு கொடுத்தார். அங்கே கோயிற் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பித்தார், நூல் எழுதினார். அதனாலேயே அவர் ‘அரேசோ நகர் குய்தோ’ என்று பெயர் பெற்றார்.

அவர் செய்தது இரண்டு காரியம். முதலாவது, கோடுகளை இழுத்து, ஒவ்வொரு கோடும் இன்ன சுரம் என்று நிலைநிறுத்தினார். ஒரு கோட்டுக்குச் சிவப்பு நிறம், ஒரு கோட்டுக்கு மஞ்சள் நிறம். கோட்டின் மேலோ இடையிலோ எழுத்து நின்றால், அது எந்தச் சுரம் என்பதில் ஐயமே இல்லை. இன்று உலகெங்கும் வழங்கும் ஐங்கோட்டு இசை எழுத்துக்கு வேர் இதுவே.

இரண்டாவது காரியமே இன்று நாம் எண்ண வேண்டியது. புனித அருளப்பருக்குரிய ஓர் இலத்தீன் கீதத்தில் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும்படி அவர் அமைத்துக் கற்பித்தார். அந்த அடிகளின் முதல் அசைகளே ‘உத், ரே, மி, பா, சோல், லா’ என்ற சுரப் பெயர்களாயின. நமக்குச் ‘ச ரி க ம’ எப்படியோ, மேல் நாட்டாருக்கு அது அப்படி. பிள்ளை அந்த ஒரு கீதத்தை உள்ளத்தில் பதித்துக்கொண்டால், எந்தச் சுரம் வேண்டுமோ அந்த அடியை மனத்தில் எண்ணி, அச்சுரத்தை எடுத்துக்கொள்ளலாம். வெளியே யாரும் பாடிக் காட்ட வேண்டியதில்லை.

மிக்கேல் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குய்தோ இதை விளக்குகிறார். அறியாத பாட்டைக் கற்க எப்போதும் ஒருவரின் குரலையோ ஒரு கருவியின் ஒலியையோ தேடிக்கொண்டிருப்பது, வழிகாட்டி இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்காத பார்வையற்றவரின் நிலை போன்றது. சுரங்களின் தன்மையையே ஆழ நினைவில் இருத்த வேண்டும் என்பது அவர் கருத்து. இம்முறையைக் கற்ற சிறுவர் சிலர் மூன்று நாளைக்குள் முன்பின் கேட்டிராத பாட்டைப் பாடினார்கள் என்றும், பத்து ஆண்டு பிடித்த கல்வி ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில் கைகூடும் என்றும் அவர் எழுதுகிறார். பாப்பரசர் 19ஆம் அருளப்பர் அவரை உரோமைக்கு அழைத்து, அவர் எழுதிய பாட்டுப் புத்தகத்தைத் தாமே புரட்டிப் பார்த்து, தாம் கேட்டிராத ஓர் அடியைத் தாமே பாடி அறிந்த பிறகுதான் எழுந்தார் என்பதும் அக்கடிதத்தில் உள்ள செய்தி.

ஆகவே, எழுதுவது முதல் வேலையன்று. உள்ளத்தில் கேட்பதே முதல் வேலை. உள்ளே கேளாதவன் எழுத முடியாது. எழுதியதைப் பார்த்து உள்ளே கேளாதவன் பாடவும் முடியாது. இந்த ஓர் உண்மையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தோம்.

நம் நாட்டிலும் ஒரு சான்று

இது மேல் நாட்டுக்கே உரிய செய்தி என்று எண்ண வேண்டாம். சென்னையில் அரசுப் பணியில் இருந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவப் பெரியவர், நம் நாட்டுக் கீர்த்தனைகள் எழுதப்படாமல் அழிந்துபோகுமே என்று வருந்தி, அவற்றை ஐங்கோட்டு முறையில் எழுதி 1893ஆம் ஆண்டில் அச்சிடத் தொடங்கினார். முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்தார். தம் குடும்பத்தில் செவிவழியாக வந்த கீர்த்தனைகளை அவர் நூலாக எழுதித்தர வேண்டும் என்று தூண்டியவர்களில் சின்னசாமி முதலியாரும் ஒருவர். எட்டயபுரம் அரசரின் ஆதரவோடு அந்தப் பெருநூல் 1904ஆம் ஆண்டில் அச்சேறியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துச் சுப்பராம தீட்சிதர் காலமானார். இரண்டே ஆண்டுகள்! அவரும் ‘அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிக்கொண்டே போயிருந்தால் எத்தனை கீர்த்தனைகள் அவரோடு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உள்ளத்தில் கேட்பது என்றால் என்ன?

இப்போது இங்கேயே ஒரு சிறு சோதனை செய்வோம். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வாயைத் திறக்காமல், நம் மாதா நவநாள் பாட்டின் முதல் அடியை மனத்துக்குள் பாடுங்கள்.

பாடினீர்களா? மண்டபத்தில் ஓர் ஒலியும் இல்லை; ஆனால் உங்கள் ஒவ்வொருவர் உள்ளத்திலும் பாட்டு ஒலித்தது. ஊரிலிருந்து தாய் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது அவருடைய குரலே காதில் விழுவதில்லையா? அதுபோலத்தான். இறைவன் இந்த வரத்தை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். இசைமேதை பேத்தோவன் செவிப்புலனை ஏறத்தாழ முற்றும் இழந்த நிலையில் எழுதிய ஒன்பதாம் சிம்பொனி, 1824ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வியன்னா நகரில் முதன்முறையாக இசைக்கப்பட்டது. சபையோரின் கைதட்டல்கூட அவர் செவியில் விழாததால், பாடகி ஒருவர் அவரைத் திருப்பி நிறுத்திக் காட்டினார் என்பர். வெளிச் செவி அடைத்த பின்னும் உட்செவி திறந்தே இருந்தது.

ஆனால் நம்மில் பலருக்கு அந்த உட்செவி மங்கலாகவே கேட்கிறது. பழக்கம் இல்லாததே காரணம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. நோட்டுப் புத்தகம் கைக்கு வந்த பிறகு, ஓய்வு பெற்ற ஓர் இசை ஆசிரியையின் உதவியோடு நாங்கள் பயின்ற முறையைச் சொல்கிறோம். இது எவருக்கும் கைவரக்கூடியது.

முதற் பயிற்சி, மௌனப் பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவோம். ஆசிரியை கையை மூடினால் குரலை நிறுத்திவிட்டு, உள்ளுக்குள் தொடர வேண்டும். கையைத் திறந்தால் அந்த இடத்திலிருந்து வாய்விட்டுப் பாட வேண்டும். முதல் நாள் கையைத் திறந்தபோது ஆண்கள் ஓர் அடியில் நின்றார்கள், பெண்கள் வேறோர் அடியில் நின்றார்கள், சிறுவர்கள் பாட்டையே முடித்துவிட்டிருந்தார்கள்! சுருதியும் இறங்கிப் போயிருந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் மூன்று மாதத்தில், நான்கு அடி மௌனமாகக் கடந்தும் எல்லோரும் ஓரிடத்தில் ஒரே சுருதியில் வந்து சேர்ந்தோம்.

இரண்டாம் பயிற்சி, சுரப் படி. ஆர்மோனியத்தில் சட்ஜம் பிடிப்போம். ‘ச’ என்று வாய்விட்டுச் சொல்லி, ‘ரி க ம’ மூன்றையும் உள்ளுக்குள் கடந்து, ‘ப’ என்று வாய்விட்டுப் பாடி, பிறகு பெட்டியில் தொட்டுச் சரிபார்ப்போம். இப்படியே சட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு, பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு. பெட்டி முந்திக்கொள்ளக் கூடாது. முதலில் உள்ளம் சொல்ல வேண்டும். பெட்டி சாட்சி மட்டும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பயிற்சி, தாளம். பாட்டு உள்ளே ஓடும்போது கை தாளம் போட வேண்டும். ஆதி தாளமானால் எட்டு எண்ணிக்கை. எந்தச் சொல் எந்த எண்ணிக்கையில் விழுகிறது என்பதை மட்டும் முதலில் தாளில் குறித்துக்கொள்வோம்.

நான்காவதுதான் எழுத்து. ஒரேயடியாக முழுப் பாட்டையும் எழுத முயன்றால் எல்லாம் குழம்பிப்போகும். முதலில் தாளத்துக்கேற்பக் கோடுகளால் பிரிவுகளைப் போடுவோம். அடுத்து, ஒவ்வோர் அடியும் எந்தச் சுரத்தில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று எழுதுவோம். அதற்கு மேல் இடையிலுள்ளவற்றை நிரப்புவோம். ‘ச’ என்று குறிலாக எழுதினால் ஓர் அட்சரம். ‘சா’ என்று நெடிலாக எழுதினால் இரண்டு அட்சரம். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேல் புள்ளி. கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. சுரம் நீளும் இடத்தில் காற்புள்ளி. கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும்.

கடைசியில் சோதனை. எழுதிய தாளை அந்தப் பாட்டை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் பாடச் சொல்வோம். அவர் பாடுவது எழுதியவரின் உள்ளத்தில் உள்ள பாட்டாகவே இருந்தால் எழுத்து சரி. இல்லையென்றால் திருத்த வேண்டும். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. 1770ஆம் ஆண்டு பரிசுத்த வாரத்தில் உரோமை சிஸ்தீன் சிற்றாலயத்தில் கேட்ட ஒரு நீண்ட பாடலை, பதினான்கு வயதுச் சிறுவன் மோட்சார்ட் நினைவிலிருந்தே எழுதிவிட்டான் என்று அவன் தந்தை வீட்டுக்கு எழுதிய கடிதம் கூறுகிறது. அவனும் பெரிய வெள்ளியன்று மறுபடி சென்று கேட்டுப் பிழை திருத்தினான் என்று சொல்வார்கள். மோட்சார்ட்டே திருத்தினான் என்றால் நாம் திருத்தக் கூடாதா?

கைப்பேசி இருக்கும்போது எழுத்து எதற்கு?

எங்கள் இளைஞர்களே இக்கேள்வியைக் கேட்டார்கள். நல்ல கேள்விதான். பதிவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்று முதியவர்கள் பாடுவதையெல்லாம் பதிவும் செய்துகொள்கிறோம். ஆனால் ஒன்று கேளுங்கள். அண்ணாவியார் பாடியதைத் தம்பி ஒருவர் தம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தக் கைப்பேசி பழுதாகி, வேறு வாங்கியபோது எல்லாம் போய்விட்டது. கையால் எழுதி நான்கு பிரதி எடுத்து வைத்த தாள் அப்படி எளிதில் போகாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் பாடுகிறவர், குய்தோ சொன்னதுபோல், வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். கருவி நின்றால் அவர் பாட்டும் நின்றுவிடும். ஆனால் ஒரு பாட்டை எழுத உட்காருகிறவர் அதை நூறு முறை உள்ளத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் ‘நீ யார்?’ என்று கேட்டு அடையாளம் காண வேண்டியிருக்கிறது. எழுதி முடிக்கும்போது பாட்டு தாளில் மட்டுமன்று, அவர் உள்ளத்திலும் எழுதப்பட்டுவிடுகிறது.

பாட்டியம்மா சொன்ன வளைவு

முறை கற்ற பிறகு நாங்கள் வீடு வீடாகப் போனோம். நோட்டுப் புத்தகத்தின் முதல் அடிகளைப் படித்துக் காட்டி, “இது நினைவிருக்கிறதா?” என்று கேட்டோம். சிலருக்குப் பல்லவி மட்டும் நினைவிருந்தது. சிலருக்கு இசை நினைவிருந்தது, சொல் இல்லை. ஒரே பாட்டை மூவர் மூன்று விதமாகப் பாடியதும் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? மூன்றையும் எழுதிக்கொண்டோம்.

மாதாவின் வியாகுலப் பாட்டு மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கீழத்தெருவில், படுக்கையாகக் கிடந்த பாட்டியம்மா ஒருவரிடம் போனோம். எண்பத்தெட்டு வயது. முதல் அடியைப் படித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. மெல்லிய குரலில் பாடினார். எங்கள் குழுவின் கல்லூரி மாணவி ஒருத்தி அருகில் அமர்ந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். மறுவாரம் எழுதியதைப் பாடிக் காட்டினாள்.

“இல்ல கண்ணு. சொல்லெல்லாம் சரி. அந்தக் கடைசி அடியில நேரா இறங்கக் கூடாது. கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறிப் பார்த்துட்டு, அப்புறம் இறங்கணும். மாதா சிலுவையை அண்ணாந்து பார்க்கிற இடம் அது.”

அவள் திருத்திப் பாடினாள். “இப்ப சரியா பாட்டி?” என்று கேட்டாள். “இன்னும் கொஞ்சம். அவசரப்படாதே” என்றார் பாட்டியம்மா. நான்காம் முறைதான், “இதுதான், இதுதான்” என்று தலையசைத்தார்.

அன்று நாங்கள் ஒன்று தெரிந்துகொண்டோம். எழுத்து பாட்டுக்கு எலும்புக்கூடு போன்றது; அது இல்லாமல் பாட்டு நிற்காது. ஆனால் அந்த வளைவையும் அதன் பொருளையும் சொல்ல ஓர் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். ஏடு மட்டும் போதாது, ஆளும் வேண்டும். ஆகவேதான் ஆள் இருக்கும்போதே எழுத வேண்டும். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு முன் பாட்டியம்மாவும் போய்ச் சேர்ந்தார். அவருடைய அடக்கத் திருப்பலியில் அந்தப் பாட்டை, அந்த வளைவோடு, நாங்கள் பாடினோம். இந்த ஒரு முறையேனும் நாங்கள் காலம் தாழ்த்தவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

நாற்பத்தொன்றில் இருபத்து மூன்று பாட்டுக்கு இசை கிடைத்து எழுதிவிட்டோம். இன்னும் பதினெட்டுப் பாட்டு ஊமையாகக் கிடக்கிறது. அவற்றின் முதல் அடிகளை எழுதிக் கோயில் வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். திருஇசை என்னும் செல்வத்தை மிகுந்த கவனத்தோடு காக்க வேண்டும் என்றும், மக்களின் சொந்த இசை மரபை மதிக்க வேண்டும் என்றும் வத்திக்கான் சங்கம் சொன்னது உரோமையிலுள்ள பெரிய பாடற்குழுவுக்கு மட்டுமன்று, நமக்கும்தான்.

பெரியவர்களே, அந்த அடிகளைப் பாருங்கள். ஓர் அடி நினைவிருந்தாலும் போதும், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் எங்களிடம் வாருங்கள். வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். ‘என் குரல் நன்றாக இல்லை’ என்று தயங்க வேண்டாம். நாங்கள் கேட்பது உங்கள் குரலையன்று, உங்கள் உள்ளத்தில் உள்ளதை.

பெற்றோர்களே, பிள்ளைகளைச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இம்மண்டபத்துக்கு அனுப்புங்கள். பரீட்சை முடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பதிலின் விலை எங்களுக்குத் தெரியும்.

இளைஞர்களே, நீங்கள் இன்று மெட்டமைக்கும் புதுப் பாட்டுக்களையும் எழுதி வையுங்கள். இன்றைய புதுப்பாட்டே ஐம்பது ஆண்டு கழித்துப் பழம்பாட்டு. அப்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பவர்களை ‘இன்ன மெட்டு’ என்று சொல்லி அலைய வைக்காதீர்கள்.

இனிப் பேசியது போதும். இப்போது பாடப்போவது அண்ணாவியாரின் கொடியேற்றப் பாட்டு. தொடங்குகிறவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அண்ணாவியாரின் குரல் அவளுக்கு நினைவில்லை. இந்தப் பாட்டை அவளுக்கு யாரும் பாடிக் காட்டவும் இல்லை. எழுதிய தாளைக் கையில் கொடுத்தோம். ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் கேட்டுக் கேட்டு, அவளே கற்றுக்கொண்டாள். அண்ணாவியார் விட்ட இடத்திலிருந்து அவள் எடுக்கிறாள். நீங்களும் இரண்டாம் அடியில் சேர்ந்து பாடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!